ஓடாத வண்டிக்கு ஏது பங்கு

அன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூர் பைனான்ஸ் ஆபீசில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். நான் இருந்தேன். நீ இருந்தாய், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. அந்தச் சட்டைக்கு ஒரு பொத்தான் குறைச்சல். உன் பெண்டாட்டி வள்ளி இருந்தாள். அவள் இடுப்பில் உன் மகள் செல்வி, காது குத்தின புண் ஆறாமல் சிணுங்கிக்கொண்டு இருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இருந்தார். பத்திரம் எழுதுகிற குமாஸ்தா காதில் பேனாவைச் செருகிக்கொண்டு இருந்தான். லாரியை விற்க வந்த பரங்கிப்பேட்டை காசிம் பாய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஜன்னல் ஓரம் நின்றார். வள்ளியைப் பெற்றவன், உனக்குத் தாய்மாமனும் மாமனாருமானவன், என் கூடப் பிறந்த தம்பி நாகப்பன், இருந்ததிலேயே நல்ல நாற்காலியில் இருந்தான். உங்கப்பா மட்டும் இல்லை. அவர் நாகப்பனின் படகில் கடலுக்குப் போயிருந்தார்.

மகனே, சிதம்பரத்திலிருந்து நீ அனுப்பின கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரி வந்தது. அன்றைக்கு இடுப்பில் சிணுங்கின செல்விக்குக் கல்யாணம்! மஞ்சள் தடவின அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதோடு நீ வைத்திருந்த துண்டுச் சீட்டையும் படித்தேன். மாமாவுக்கு வயதாகிவிட்டது, இருபது வருஷமாகப் பேசாமல் இருக்கிறாய், பேத்தி கல்யாணத்திலாவது பேசு, அப்படி என்ன செய்துவிட்டார், ஒரு ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதானே என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான் இல்லை. மூன்றாம் கிளாசோடு நின்றுபோன கை என்னுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத்து கோணும். நினைப்பு கோணாது.

நீ அன்றைக்குத் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தாய். அதனால் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதி பிறகு நடந்தது, அதை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், கேள்.

இந்தி எதிர்ப்புக் கலவரத்துக்கு முந்தின வருஷம் அது. அப்போது நீ நாகப்பன் படகில் ஆள். நம் குப்பத்தில் பங்கு என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செல்விக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இருக்காது என்பதால் எழுதி வைக்கிறேன். மீன் விற்ற காசைக் கூறு போடுவார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சத்தில் ஆளுக்கு ஒரு பங்கு. படகும் வலையும் நாகப்பனுடையது. அலையில் நனைவது நீயும் உங்கப்பாவும். அதில் எனக்குக் குறை கிடையாது, ஊர் வழக்கம் அது. ஆனால் உனக்கு மனசு கடலில் இல்லை. நான் காசிம் பாயின் மண்டிக்குக் கருவாடு விற்கப் பரங்கிப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் கூட வந்து, பாயின் பழைய லாரிக்குக் கீழே படுத்துக்கொண்டு, அவருடைய டிரைவரிடம் தொழில் கற்றுக்கொண்டு, லைசென்சும் வாங்கிவிட்டாய். பாய்க்குப் பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விற்கப் போகிறேன் என்றார். நீ அன்று இரவு சோறு சாப்பிடவில்லை.

பட்டாளத்தில் கழித்துக்கட்டின வண்டி அது. மூக்கு நீண்டது. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, தோள் கழன்றுபோகிற மாதிரி சுற்றினால்தான் உயிர் வரும். அந்தக் கிழட்டு வண்டிக்கே பைனான்ஸில் கடன் கேட்டால், சொத்து உள்ளவர் ஒருவர் ஜாமீன் வேண்டும் என்றார்கள். கடலோரத்துக்காரனுக்கு ஏது சொத்து? வீடு நிற்கிற மணல் சர்க்கார் மணல். கடலுக்குப் பட்டா உண்டா? நம் சனத்தில் பட்டா வைத்திருந்தவன் ஒருத்தன்தான். நாகப்பன் ஒரு சவுக்குத் தோப்பு வாங்கிப் போட்டிருந்தான். நம் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் சுறாப்புட்டு தின்றுகொண்டு சொன்னான்: "அக்கா, நான் ஒருத்தன் இருக்கறப்ப நீ இன்னாத்துக்கு ஊரெல்லாம் போய்க் கேக்கற? எம் மாப்பிள்ளைக்கு நான் போடாம எவன் போடுவான் கையெழுத்து?" சொல்லிவிட்டு இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டான்.

ஆபீசில் எல்லாம் முடிந்து, குமாஸ்தா பத்திரத்தை அவன் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினான். நாகப்பன் சட்டைப் பையைத் தடவினான். இடுப்பைத் தடவினான். "அய்யய்யோ, கண்ணாடிய எடுத்தாரலியே" என்றான். அவன் கண்ணாடி போட்டு யார் பார்த்தது? வலை உலர்த்திக் கிடக்கும்போது, தூரத்தில் நின்றே எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று சொல்லுகிறவன் அவன். நீ கடலை விட்டுப் போய்விட்டால் அவன் படகுக்கு ஒரு நல்ல தோள் குறையும், அதுதான் சங்கதி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்.

வாய் வந்தது வள்ளிக்கு. குழந்தையை என் மடியில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்குக் கிட்டே போனாள். "கண்ணாடி இல்லன்னா இன்னா நைனா, நான் படிச்சுக் காட்டறேன்" என்றாள். எட்டாவது வரைக்கும் அவளைப் படிக்க வைத்தவனே அவன்தான். கடன் வாங்குகிறவர் தவறினால் ஜாமீன்தாரர் இன்னது செய்ய வேண்டும் என்று ஒரு வரி விடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள்.

"படிச்சிட்டா ஆச்சா? எந்த எடத்துல போடறதுன்னு தெரிய வேணாமா?" என்றான் நாகப்பன்.

வள்ளி பத்திரத்தின் அடியில் தன் விரலை ஊன்றினாள். "இதோ என் வெரலு இருக்குது பாரு. அதுக்கு மேல போடு."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"பெத்த பொண்ணு வெரலு கூடவா தெரியல, நைனா?"

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா. வெயிலு ஜாஸ்தியாயிடுச்சு" என்று எழுந்தான்.

அவள் விரலை எடுத்தாள். அழவில்லை. குரல் கூட ஏறவில்லை. "சரி நைனா, நீ கெளம்பு. ரோடாவது தெரியுதா, கூட வந்து பஸ் ஏத்தி வுடட்டா?" என்றாள். குமாஸ்தா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மேனேஜர் குனிந்துகொண்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் வள்ளியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தம்பி மகள் என்று எடுத்த பெண் அவள், சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று எடுத்தது. அன்றைக்குத்தான், இவள் எங்கே பிறந்திருந்தாலும் தேடிப்போய்க் கொண்டு வந்திருப்பேன் என்று நினைத்தேன். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. நீ படித்துக் காட்டு.

வெளியே வந்தோம். பாய் எங்களை டீக்கடைக்குக் கூப்பிட்டார். விற்க வந்த வண்டி விலை போகவில்லை, அவருக்கும் அது ஒரு நாள் வீண். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, வண்டியக் கொண்டாந்து வுட்டுட்டு எங்க டிரைவரு லீவுல போயிட்டான். வண்டிய ஒம் மவனே ஓட்டட்டும். என்னையப் பரங்கிப்பேட்டையில எறக்கி வுட்டுட்டு, நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

"எங்க எடுத்துக்கிட்டுப் போறது?" என்றேன்.

"ஒங்க வீட்டுக்குத்தான்."

"பாய், எங்ககிட்ட ஏது காசு? வட்டி எவ்ளோ போடுவீங்க?"

"வட்டி பேசறதா இருந்தா டீயக் கீழ வச்சிட்டு எந்திரி" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கேட்டுக்க. கையில ரொக்கமாக் குடுத்தா ஒரு வெல. தள்ளித் தள்ளிக் குடுத்தா ஒரு வெல. ரெண்டையும் இப்பவே சொல்லிடறேன். அதுக்கு மேல கியாமத்து நாளு, ஒலகம் முடியற நாளு வரைக்கும் ஒத்தக் காசு ஏறாது. நடை போய் வந்தா பெட்ரோலு, பேட்டா போவ மிச்சத்த ரெண்டு பங்கா வை. ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு வண்டிக்கு. வெல முடியற வரைக்கும் வண்டிப் பங்கு எனக்கு. முடிஞ்சா அதுவும் ஒங்களுது. ஒங்க படகுல இல்லாத வழக்கமா?"

"யாரு ஜாமீனு?"

"ஒங் கருவாட்டுக் கட்ட நான் என்னிக்காச்சும் பிரிச்சுப் பாத்திருக்கனா?"

அவ்வளவுதான் எங்கள் பத்திரம். அந்தக் காலத்தில் கருவாட்டுக் கட்டுக்கு நடுவே ஈரக் கருவாட்டை வைத்து எடை ஏற்றுவது கடலோரமெல்லாம் நடந்தது. நான் வைத்ததில்லை. வைத்ததில்லை என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் அந்த மனுஷர் அதைக் கவனித்து, மனசில் வைத்திருந்து, எனக்குத் தேவைப்பட்ட நாளில் எடுத்துக் கொடுத்தார். நீ இப்போது இரண்டு லாரிக்காரன். உன்னிடமும் கடன் கேட்டு வருவார்கள். பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளின் கட்டைப் பார்.

பரங்கிப்பேட்டையில் பாயை இறக்கிவிட்டு நம் குப்பத்துக்கு நீ வண்டியை ஓட்டி வந்ததை நான் மறக்க மாட்டேன். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. வள்ளி குழந்தையைக் காற்றில் காட்டிக்கொண்டு வந்தாள். உங்கப்பா கரையிலிருந்து ஓடி வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, படகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பலகையைத் தட்டிப் பார்த்து, "பலகை நல்லாதான் கீது" என்றார்.

பலகை நன்றாகத்தான் இருந்தது, நாற்றம்தான் நன்றாக இல்லை. வருஷக்கணக்காகக் கருவாடு ஏற்றின வண்டி. நீ புவனகிரியில் அரிசி மூட்டை ஏற்றப் போன முதல் நாள் அந்த மில்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதை வந்து எங்களிடம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "இந்த வண்டியில அரிசி வந்தா, சோத்துக்குக் கொழம்பே வேணாம்." நீ கோபத்தில் கைப்பிடியைத் தூக்கி எறிந்தாய். உன் கோபம் அப்படி. வள்ளி புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வண்டி மேல் ஏறினாள். நாகப்பன் அந்த வழியாகப் போனவன் நின்றான். "தொழில் பண்ற எடத்துல பொம்பள கால் வைக்கலாமா? படகுல நம்ம வூட்டுப் பொம்பளைங்க ஏறுவாங்களா?" என்றான். அவள் தேய்த்துக்கொண்டே, "இது படகு இல்ல நைனா. படகா இருந்தா நீ பங்கு கேட்டிருப்ப" என்றாள். மூன்று வெள்ளிக்கிழமை தேய்த்தாள். நான்காம் வாரம் அதே மில்காரர் மூட்டை ஏற்றினார். அந்த லாரியை நீ ஓட்டினாய், சரி. ஊருக்கு அதை லாரி ஆக்கினவள் அவள்.

நானும் ஒரு கூத்து அடித்தேன். முதல் மாத வண்டிப் பங்கைக் கொடுக்கப் பரங்கிப்பேட்டைக்குப் போனபோது, பங்கை ஒரு முடிச்சிலும், அதற்குமேல் கொஞ்சம் காசை இன்னொரு முடிச்சிலும் கட்டிக்கொண்டு போனேன். வட்டி வேண்டாம் என்று வாயால் சொல்வார்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நான் பார்த்த உலகம் அப்படி. பாய் முதல் முடிச்சை வாங்கிக்கொண்டார். இரண்டாவது என்ன என்று கேட்டார். "உங்க மனசுக்குத் தெரியாதா பாய்?" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. திண்டிலிருந்து எழுந்து நின்றார். "இத எடுத்துக்கிட்டு வெளிய போ தங்கச்சி. இது காசு இல்ல, எனக்கு நெருப்பு. ஹராம்" என்றார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நெருப்ப மடியில கட்டிக்கிட்டா நான் இம்மாந்தூரம் நடந்து வந்தேன்? கருவாட்டுக்காரி காசுன்னா தீட்டா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பங்கை உன்னிடம் கொடுத்து அனுப்பினேன், நான் போகவில்லை. என்னை உனக்குத் தெரியுமே. கோபத்தை நான் ஊறுகாய் மாதிரி வைப்பேன், கெடாது. கடைசியில் அவர் வீட்டம்மாதான் ஒரு ஆளிடம் ஒரு தூக்கு நிறைய நெய்ச்சோறு கொடுத்து அனுப்பி, எங்கள் மார்க்கத்தில் வட்டி வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, உன் காசில் குறை இல்லை, வட்டி என்ற பேரில்தான் குறை என்று சொல்லி அனுப்பினார்கள். சோறு தின்ற பிறகு யோசித்துப் பார்த்தேன். டீக்கடையில் அவர் பங்கு என்று சொன்னார், நான் வட்டி என்று கேட்டுக்கொண்டேன். படகுப் பங்கில் வளர்ந்த எனக்கு, பைனான்ஸ் ஆபீஸ் வாசற்படி ஒரு தடவை மிதித்ததில் நம் பாஷையே மறந்துபோயிருக்கிறது. தூக்கு நிறைய வஞ்சிரக் கருவாடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். சமாதானம் ஆயிற்று.

நாகப்பனோடும் அந்தப் பொங்கலுக்குச் சமாதானம் ஆனேன். அதைத்தான் நீ மறந்துவிட்டாய். கையெழுத்துக்காக நான் அவனோடு பேசாமல் இருந்தது அந்தப் பொங்கல் வரைக்கும்தான். பொங்கலன்று அவனே வந்து, "அக்கா" என்று வாசலில் நின்றான். என் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. உள்ளே வா என்றேன். இலை போட்டேன். தின்றான். பிறகு ஏன் மறுபடியும் நிறுத்தினேன் என்று நீ கேட்கவே இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது லேசில் தெரிவதில்லை.

பொங்கல் முடிந்து சில நாளிலேயே கலவரம் வந்தது. சிதம்பரத்தில் படிக்கிற பிள்ளை ஒருவன் குண்டடிபட்டுச் செத்தான். கடைகள் அடைப்பு, ரோட்டில் மரம், பஸ் இல்லை, லாரி இல்லை. நம் வண்டி குப்பத்து முனையில் பனைமரத்துக்குக் கீழே நின்றது. ரோடு திறந்து நீ கிளப்பப் போனால் வண்டி கிளம்பவில்லை. கடலூர்ப் பட்டறைக்காரர் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். நடை இல்லை, காசு இல்லை. பைனான்ஸில் வாங்கின லாரிகள் தவணை தவறி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போவதை அந்த மாதம் நாம் கண்ணால் பார்த்தோம். நீ மறுபடியும் நாகப்பன் படகில் ஏறுவதற்குத் தயாராகிவிட்டாய். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் பரணிலிருந்து உன் பழைய துடுப்பை இறக்கி வைத்திருந்தாய், நான் பார்த்தேன்.

கருவாடு வாங்க வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு நான் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். "இந்தாங்க பாய், வண்டிப் பங்கு" என்று வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"வண்டி ஓடிச்சா?"

"இல்ல."

"ஓடாத வண்டிக்கு ஏது பங்கு? கடலுக்குப் போவாத நாள்ல படகுக்காரனுக்குக் கூறு வைப்பீங்களா?"

"வைக்க மாட்டம்."

"படகு ஓட்டையாச்சுன்னா யாரு அடைக்கணும்?"

"படகுப் பங்கு வாங்கறவன்."

"அப்ப பட்டறைக்காரனுக்கு நான் காசு அனுப்பறேன். நீ உன் கருவாட்டப் பாரு. ஒம் மவன் எங்கயும் போயி எந்தப் படகுலயும் ஏற வேணாம்னு சொல்லு" என்றார்.

துடுப்பு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை. வண்டி கிளம்பியது. விலையும் ஒரு நாள் முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தை அவரே கொண்டு வந்து, வள்ளியின் கையில்தான் கொடுத்தார், உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. "படிச்சுப் பாரும்மா, நீதான் சத்தமாப் படிப்ப" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இதுவரைக்கும் உனக்கு ஏறக்குறையத் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது.

காசிம் பாய் காலமான பிறகு, நாற்பதாம் நாள் கழித்து, நானும் வள்ளியும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டம்மா வெள்ளைத் துணி உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவாக்கில், "ஒங்க தம்பி சொகமா இருக்காரா?" என்று கேட்டார்கள். என் தம்பியை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர்கள், ஒரு தடவை இங்கே வந்தாரே என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு நான் விடவில்லை.

வண்டி பனைமரத்துக்குக் கீழே நின்ற நாட்களில் நாகப்பன் அங்கே போயிருக்கிறான். பொங்கல் சோறு செரிக்காத வயிற்றோடு போயிருக்கிறான். அந்த நாளில் தஞ்சாவூர் ஜில்லா அரிசியைக் கொள்ளிடம் தாண்டிக் கொண்டுவரக் கூடாது, பிடித்தால் ஜெயில், வண்டியும் போகும், பர்மிட்டும் போகும். "பாய், ஒங்கள ஏமாத்தறாங்க. வண்டி ஓடலன்னு சொல்லிட்டு, இருட்டுல கொள்ளிடம் தாண்டி அரிசி கடத்தறான் எம் மாப்பிள்ள. பர்மிட்டு ஒங்க பேர்ல கீது. மாட்டினா நீங்கதான் உள்ள போவணும். வண்டியத் திருப்பி வாங்கிக்கங்க. அவனுக்கு நான் படகுல வேல குடுத்துக்கறேன், துடுப்பக் கூட எறக்கி வச்சிட்டான்" என்று சொல்லியிருக்கிறான். சொந்த மகள் கழுவின வண்டி. சொந்தப் பேத்தி ஏறி வந்த வண்டி. உன்னை ஜெயிலுக்கு அனுப்புகிற பொய், மகனே. அந்தப் பொய் ஒரு அதிகாரி காதில் விழுந்திருந்தால் செல்வி யார் வீட்டுத் திண்ணையில் வளர்ந்திருப்பாளோ!

பாய் என்ன சொன்னாராம் தெரியுமா? "ராவுல ஓடுதா? நல்லதாப் போச்சே. அப்ப எனக்கும் பங்கு வருமே, போய்க் கேக்கறேன்" என்றாராம். பிறகு பாய் கேட்டாராம்: "ஏம்ப்பா நாகப்பா, பைனான்ஸ் ஆபீசுல பெத்த மவ வெரலு தெரியல. இங்கேருந்து கொள்ளிடம் தெரியுது. கண்ணாடி எந்தக் கடையில வாங்கின? எனக்கும் ஒண்ணு வேணும்."

அவன் எழுந்து போய்விட்டானாம். பாய் வீட்டம்மா, "அவங்ககிட்ட சொல்லிட வேணாமா?" என்று கேட்டதற்கு, "அந்தப் புள்ள அவன் பொண்ணு. அது ரெண்டு வூட்டுக்கும் போய் வந்து பொழைக்கணும்" என்று சொல்லி, அந்தப் பேச்சைச் சாகிற வரைக்கும் எடுக்கவில்லையாம். நாகப்பன் வந்துபோன மறுநாள்தான் நான் பங்கு கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கடத்தல் என்ற பேச்சைக் கேட்ட காதோடு, வண்டியை ஒரு தடவை வந்து பார்க்காமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "ஓடாத வண்டிக்கு ஏது பங்கு" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் அவர் என் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆளோடு நான் ஒரு முடிச்சுக் காசுக்காகச் சண்டை போட்டேனே என்று பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன்.

வள்ளி அழவில்லை. புவனகிரி தாண்டின பிறகு பேசினாள். "அத்த, இது அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா கைப்பிடியத் தூக்கிக்கிட்டு நைனா வூட்டுக்குப் போயிடுவாரு. அப்பறம் நைனா சொன்ன ஜெயிலு நெசமாயிடும்" என்றாள். சரியான பேச்சு. நாங்கள் இருவரும் வாயைக் கட்டிக்கொண்டோம். அவள் அப்பன் வீட்டுக்குப் போனாள், வந்தாள், நோய் நொடிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஒரு நாள் கூட முகத்தில் காட்டவில்லை. அது அவள் பெருந்தன்மை. எனக்கு அது வராது. நான் பேச்சை நிறுத்தினேன்.

போன வாரம் உன் துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு வள்ளியே எனக்குச் சொல்லி அனுப்பினாள்: "நீங்களே எழுதிடுங்க அத்த. அவருக்குத் தலை நரைச்சாச்சு, பிரஷர் மாத்திரை சாப்பிடறாரு, கைப்பிடி சுத்தற வண்டியும் இப்ப இல்ல. நான் சொன்னா பொண்ணே அப்பனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்." அதனால் எழுதினேன்.

இனி நான் சொல்கிறபடி செய். பத்திரிகையில் நாகப்பன் பேரை முதலில் இருக்கிறபடியே போடு. அவன் பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா, அந்த இடம் அவனுடையது, எடுக்க எனக்கு உரிமை இல்லை. மாலை போடு. தாம்பூலம் கொடு. வள்ளி முகம் வாடும்படி ஒரு சொல் சொல்லாதே. பரங்கிப்பேட்டைக்கு நீயே வண்டி எடுத்துக்கொண்டு போய், பாய் வீட்டம்மாவை அழைத்து வந்து, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வை. செல்வியை முதலில் அவர்கள் காலில் விழச் சொல், பிறகு என் காலில்.

நாகப்பன் வந்து "அக்கா" என்று நின்றால் நான் திரும்ப மாட்டேன். சம்பந்தி வீட்டார் யாராவது ஏன் என்று கேட்டால், அம்மா கண்ணாடி எடுத்து வரவில்லை, ஆள் தெரியவில்லை என்று சொல்லிவிடு.

ஜாமீன் கேட்ட மேனேஜரை மன்னித்துவிட்டேன், அது அவர் வேலை. மூக்கைப் பிடித்த மில்காரரை மன்னித்துவிட்டேன், நாற்றம் இருந்தது நிஜம். இருமின குமாஸ்தாவை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். கையெழுத்துப் போடாததையும் மன்னித்து இலை போட்டவள் நான். அந்த இலையில் தின்றுவிட்டுப் பரங்கிப்பேட்டைக்கு நடந்த கால்களை மட்டும் மன்னிக்க மாட்டேன், நான் செத்த பிறகும் மன்னிக்க மாட்டேன். அந்தக் கால்களுக்கு நடை பழக்கினவள் நான். அவன் பேர் நாகப்பன்.